பெருமாள் சாப்பிடும் நேரம்

பெருமாள் சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். புரட்டாசிச் சனிக்கிழமையில் தளிகை போடுகிற வீடுகளில், சுவரில் நாமம் இட்டு, படத்துக்குத் துளசி மாலை சாத்தி, தலைவாழை இலையில் வெண்பொங்கலைக் கோபுரமாகக் குவிப்பார்கள். சுற்றிலும் சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், தயிர்சாதம், வடை, சுண்டல், மாவிளக்கு. எல்லாம் வைத்தானதும் வீட்டுப் பெரியவள் கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவாள். உள்ளே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். வெளியே குடும்பம் முழுக்க நின்று கோவிந்தா, கோவிந்தா என்று குரல் கொடுக்கும். அவர் சாப்பிட்டிருப்பார் என்று அந்தப் பெரியவளுக்கு மனசில் படுகிற வரைக்கும் நிற்க வேண்டியதுதான். அப்புறம் கதவு திறந்து, கற்பூரம் காட்டி, அதற்குப் பிறகுதான் மனுஷருக்குச் சோறு.

உங்களில் சில பேர் வீட்டில் இப்போதும் போடுவீர்கள். நான் சொல்லப் போவது செங்கல்பட்டில் எங்கள் எதிர்வீட்டு வேண்டா போட்ட தளிகையை. தொண்ணூறுகளில் தொடங்கின கதை. அப்போதெல்லாம் கொளவாய் ஏரிக் காற்று எங்கள் தெருவுக்குத் தடையில்லாமல் வரும். மின்சார ரயில் கிளம்புகிற சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் அடுப்பு மூட்டுவோம்.

வேண்டா செய்யூர்ப் பக்கத்துப் பெண். நாலாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டாள் என்று வைத்த பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், நல்ல பெயராக ஒன்று வைத்துக் கூப்பிடலாமே என்று மாமியார் சாரதாம்பாள் சொன்னதற்கு, "கூப்ட்டா திரும்பிப் பாக்கறேன் இல்ல அத்தே, அது போதும்" என்று சொல்லிவிட்டாள். புருஷன் அப்பாசாமி சொந்தமாக லாரி வைத்திருந்தான். செய்யூர்த் தோப்புகளிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குப் போய் வருவான். வீடு சின்னது. முன்னறை, உள்ளறை, சமையல்கட்டு, அவ்வளவுதான். அந்த உள்ளறையில்தான் தளிகை.

அந்த வீட்டுத் தளிகைக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை உண்டு. விடிந்ததும் அப்பாசாமி நெற்றி நிறைய நாமத்தோடு, நாமம் போட்ட சொம்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து கோவிந்தா சொல்வான். எவ்வளவு வசதி இருந்தாலும் அன்றைக்குக் கேட்டு வாங்கின அரிசி கொஞ்சமாவது உலையில் சேர வேண்டும். நான் ஆழாக்கு அரிசி போட்டுவிட்டு, வேலையை முடித்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவேன். கடப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் காசியம்மாள் முதல் பஸ்ஸுக்கே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். கொழுந்தன் சரவணகுமார் அப்போதுதான் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எல்லாரும் காலையிலிருந்து பட்டினி.

சாரதாம்பாள் கதவைத் திறப்பாள். முதலில் அவள் மட்டும் உள்ளே போவாள். இலையைக் குனிந்து பார்ப்பாள். "வந்துட்டாரு" என்பாள்.

வெண்பொங்கல் கோபுரத்தின் உச்சியில் ஒரு குழி இருக்கும். விரலால் தொட்டு எடுத்த மாதிரி. நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். காசியம்மாள் கண்ணில் தாரை தாரையாக வரும். சிரிப்பும் அழுகையுமாக அந்த வீடே அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

வேண்டா மட்டும் சத்தம் போட மாட்டாள். அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் முனிசிபாலிட்டிக் குழாயடியில் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். "நாம கதவு ஓரம் காத வச்சிகினு நின்னா, அவரு வர்ற சத்தம் கேக்குமாக்கா?"

அவளுக்கு வேறு ஆசைகள் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நகை, புடவை என்று அவள் வாயில் வராது. அவர் வரும்போது தானும் அங்கே இருக்க வேண்டும். அது ஒன்றுதான்.

சாரதாம்பாளுக்குக் கை கால் விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வேண்டாதான் கூட இருந்தாள். ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கையில், கிழவி கஞ்சியைத் தள்ளிவிட்டு, இனிமேல் தளிகை உன் கையில்தான் என்றாளாம். என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் சொன்னாள்.

"கதவ சாத்தறதுக்கு முன்னாடி கட்டவிரல தண்ணில நனச்சிக்கோ. அப்பதான் பொங்கலு ஒட்டாது."

வேண்டாவுக்கு முதலில் புரியவில்லை. இன்னாத்துக்கு அத்தே என்றாள்.

"குழிக்குடி. வேற இன்னாத்துக்கு."

அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்றே எனக்கு நினைவில்லை அக்கா என்று வேண்டா பிறகு என்னிடம் சொன்னாள். மாமியார் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. "புள்ளைங்க காலைலேர்ந்து பட்டினியா நிக்குதுங்க. ஒண்ணும் இல்லன்னு சொன்னா மொகம் வாடிப்பூடும் இல்ல" என்றாள் கிழவி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள், "ஒரு வருஷம் நான் வக்கல. நான் கட்டிகினு வந்த மொத வருஷம். எங்க மாமியாரு கதவ தொறந்தாங்க. அப்பவும் குழி இருந்துச்சி. அது அவரு வச்சதுதான். அத நெனச்சிகினுதான் நான் மத்த வருஷமெல்லாம் வச்சேன்."

அந்த முதல் குழியும் கிழவியுடைய மாமியாரின் விரல்தான் என்று வேண்டாவுக்கு அப்போதே தோன்றிவிட்டது. கேட்கவில்லை. கிண்ணத்தைத் தேடி எடுத்து மீதிக் கஞ்சியை ஊட்டினாள்.

சாரதாம்பாள் இறந்துபோன வருஷம் தளிகை இல்லை. அடுத்த புரட்டாசியில் வேண்டா போட்டாள். தளிகைச் சமையலில் உப்புப் பார்க்கக் கூடாது. வாசனைகூடப் பிடிக்கக் கூடாது என்று வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டுதான் சமைப்பது. முதல் தடவை பாருங்கள், பதற்றத்தில் சுண்டலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். போட்டது அவளுக்கே தெரியாது. இலை போட்டாள். எல்லாம் படைத்தாள். மற்றவர்கள் வெளியே போனதும் சொம்புத் தண்ணீரில் கட்டைவிரலை நனைத்துக்கொண்டு இலைமுன் நின்றாள்.

நின்றவளுக்கு விரலை நீட்ட வரவில்லை. "அத்த வச்சப்ப, அவங்க நமக்கு வச்சாங்க. நான் வச்சா யாருக்குக்கா வக்கறது? நான்தானே அவர பாக்கணும்னு நிக்கறேன்" என்று என்னிடம் கேட்டாள். விரலை முந்தானையில் துடைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

ரொம்ப நேரம் திறக்கவில்லை. பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டன. கோவிந்தாக் குரல் மெலிந்துபோய், அப்பாசாமி இருமிக் காட்டினான். கடைசியில் திறந்தாள்.

காசியம்மாள் வாசற்படியிலிருந்தே, "இன்னா அண்ணி, வந்தாரா?" என்றாள்.

"தெரியல."

"தெரியலன்னா இன்னா அர்த்தம்? இலைய பாத்து சொல்லு."

"வச்சது வச்சா மாதிரியே கீது" என்றாள் வேண்டா.

கற்பூரம் காட்டிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுண்டலை வாயில் போட்ட காசியம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இப்டி உப்ப அள்ளிக் கொட்டினா எந்தப் பெருமாளு கைய வப்பாரு? தண்ணி தவிச்சி ஏழுமலைக்கே திரும்பிப் போயிருப்பாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வேண்டாவும் சிரித்தாள். ஆனால் காசியம்மாள் பஸ் ஏறும்போது முகம் சரியாக இல்லை. அம்மா போனதோடு எல்லாம் போச்சு என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே வேண்டா திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் கிளம்பினாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். அங்கே பெருமாள் தரையில் படுத்திருக்கிறார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு முனிவர் கடல்தண்ணீரைக் கையாலேயே இறைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு கிழவர் வந்து, பசிக்கிறது, எனக்குச் சோறு கொண்டுவா, அதுவரை நான் இறைக்கிறேன் என்றாராம். முனிவர் சோற்றோடு திரும்பி வந்தால், கிழவர் பெருமாளாகத் தரையிலேயே படுத்திருக்கிறார். அர்ச்சகர் இதைச் சொல்லி முடித்துத் தீர்த்தம் கொடுக்கையில் வேண்டா கேட்டாள்.

"அந்த சோத்த அவரு சாப்ட்டாரா சாமி?"

அர்ச்சகர் உத்தரிணிக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். சிரித்தார். பிறகு நிஜமாகவே யோசித்தார். "சாப்ட்டாரான்னு யாரும் கேட்டதில்லையேம்மா. எங்க அப்பா சொல்லியும் நான் கேட்டதில்லை. சயனிச்சுண்டார்னுதான் இருக்கு."

வேண்டாவுக்கு அது போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. கடற்கரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். அவள் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு இறைத்திருப்பார் அக்கா அந்த முனிவர் என்றாள். ஒரு குடம்கூடக் குறைந்திருக்காது என்றேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் உள்ளறையைக் காலி பண்ண ஆரம்பித்தாள்.

அந்த அறையில் இல்லாத சாமான் கிடையாது. வேர்க்கடலை மூட்டை, லாரி டயர், தார்ப்பாய், கயிறு, பாய் தலையணை, உடைந்த தொட்டில். தளிகைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் ஒரு மூலையில் தள்ளிப் புடவையால் மூடிவிடுவதுதான் வழக்கம். டயர் நாற்றத்தில் அவர் எப்படி உட்காருவார் என்று வேண்டாவுக்குத் தோன்றிவிட்டது. டயரை முதலில் வெளியேற்றினாள். அடுத்த வருஷம் தார்ப்பாய். அப்புறம் மூட்டைகள். பாய் தலையணை முன்னறைக்கு வந்தபோது அப்பாசாமி தெருவில் நின்று என்னிடம் நியாயம் கேட்டான். "வருஷத்துல ஒரு நாளு சாப்ட வர்றவருக்கு ரூமு. தெனம் சாப்டற எனக்கு லாரில படுக்கை. இது இன்னா கணக்கு, நீங்களே சொல்லுங்கக்கா." சொன்னானே தவிர, சுண்ணாம்பு அடிக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான்.

அறை சுத்தமாயிற்று. தளிகை போட்டாள். பொங்கல் வைத்தது வைத்தபடி இருந்தது.

அறையில் இல்லை குறை, ஆளில்தான் என்று அடுத்ததாக நினைத்தாள். வேண்டாவுக்கு வாய் நீளம். குழாயடியில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. தளிகை வாரத்தில் யாரையும் திட்டுவதில்லை என்று ஒரு நேமம் வைத்துக்கொண்டாள். தெருவுக்கே விஷயம் தெரிந்துபோயிற்று. அந்த வாரம் முழுக்க அவள் குடத்தைத் தள்ளிவிட்டு மற்றவர்கள் முந்திக்கொள்வார்கள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். சனிக்கிழமை தாண்டினதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிடுவாள். பிறகு அந்த வாரம் மாதமாயிற்று. மாதம் முடிந்தும் திட்டு வரவில்லை. குழாயடிப் பெண்களுக்கே பயமாகிவிட்டது. உடம்பு ஏதாவது சரியில்லையா என்று என்னிடம் வந்து விசாரித்தார்கள்.

இன்னொன்றும் செய்தாள். மத்தியானம் வேலை ஒழிந்ததும் அந்தக் காலி அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வாள். ஜபம் இல்லை, பாட்டு இல்லை. படிக்கவும் தெரியாது. உள்ளே என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலக்கா. சும்மா உக்காந்துகினு இருக்கேன். வர்றவரு எந்நேரம் வருவாரோ. வந்தா வூட்ல ஒரு ஆளு இருக்கணும் இல்ல?"

வருஷங்கள் இப்படிப் போயின. எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வந்தது. அப்பாசாமி பழைய லாரியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினான். சரவணகுமாருக்குக் கல்யாணமாயிற்று. பெண்டாட்டி சாருலதா திருக்கழுக்குன்றத்துப் பெண், படித்தவள், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேண்டாவிடம் ரொம்பப் பிரியமாக இருப்பாள். ஒவ்வொரு புரட்டாசியிலும் கதவு சாத்தினது, திறந்தது. இலையில் ஒரு அடையாளமும் இல்லை. வேண்டா ஒரு தடவைகூட மழுப்பிச் சொன்னதில்லை. வச்சா மாதிரியே கீது என்பாள்.

குடும்பத்தில் பேச்சு முளைக்காமல் இருக்குமா? அப்பாசாமியின் லாரி படாளத்துக்கிட்டே பள்ளத்தில் இறங்கிற்று. காசியம்மாள் மகன் பரீட்சையில் தவறிவிட்டான். சாருலதாவுக்கு வயிற்றில் வந்தது ஒன்று தங்காமல் போயிற்று. அம்மா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் வந்து சாப்பிட்டவர், இவள் கை பட்டதும் வராமல் போனது ஏன் என்று காசியம்மாள் ஆரம்பித்தாள். நாலாவதா பொறந்து வேணாம்னு பேர் வாங்கினவ, சாமிக்கும் வேணாமாப் போயிட்டா போல என்று ஒரு வார்த்தையும் விட்டுவிட்டாள். அது வேண்டா காதில் விழுந்தது.

ரெண்டாயிரத்து ரெண்டு இருக்கும், இல்லை மூன்று. சரவணகுமார் கூடுவாஞ்சேரியில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோயிருந்தான். அந்த வருஷத் தளிகைக்குக் கதவு திறந்து, வழக்கம்போல அடையாளம் இல்லாத இலையைப் பார்த்ததும், சாப்பிட உட்காருவதற்கு முன்னாலேயே காசியம்மாள் சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் தளிகை சின்னவன் வீட்டில். புது வீடு, நல்ல வாசல், அங்கேயாவது வருகிறாரா பார்ப்போம். சரவணகுமார் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாசாமி, ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமே என்று இழுத்தான். எத்தனை வருஷம் பொறுக்கிறது அண்ணாத்த என்று அவள் மடக்கினாள்.

வேண்டா எல்லாருக்கும் பரிமாறினாள்.

மறுநாள் நான் கேட்டேன். "ஆஸ்பத்திரியில் உன் மாமியார் சொன்னதை அவங்ககிட்ட சொல்லிடேன். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"செத்துப்போனவங்க மொகத்த மண்ல வச்சி தேய்க்கச் சொல்றியாக்கா?"

"அப்ப நீயும் விரலை வச்சிருக்கலாம்."

"வச்சிருக்கலாம்" என்றாள். கோபப்படவில்லை. "வச்சிருந்தா தளிகை எங்கிட்ட இருக்கும். அவரு வந்தா உக்கார எடம் இருக்காது. நான் வச்ச விரலுதான் அங்க உக்காந்துகினு இருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு மத்தியானம் அவள் அந்த அறைக்குள் போனாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. அப்பாசாமி மெதுவாக ஒரு மூட்டையைக் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனே பயந்துபோய் அதைத் திரும்பத் தூக்கி லாரியில் போட்டான். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் பார்த்தால், அவள் அறை வாசலில் நிற்கிறாள். உள்ளே போகாமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளி வீட்டில் நிற்கிற மாதிரி. அப்புறம் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை கூடுவாஞ்சேரியில் தளிகை. வேண்டா முதல் ஆளாகப் போய் வடைக்கு அரைத்துக் கொடுத்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பூஜைக்கென்று அங்கே தனி அறை இல்லை, ஹாலில் ஒரு மூலையில் படம். பெட்ஷீட்டைக் குறுக்கே கட்டி மறைத்தார்கள். சாருலதா படைத்துவிட்டு வெளியே வந்தாள். மாடிக்கு மாடி டிவிச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டார். கொஞ்ச நேரத்திலேயே பெட்ஷீட்டை விலக்கினார்கள்.

பொங்கல் உச்சியில் குழி இருந்தது.

காசியம்மாள் போட்ட கோவிந்தாவில் மேல்மாடியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. சாருலதாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சரவணகுமார் அழுதேவிட்டான். அப்பாசாமி வேண்டாவைப் பார்த்தான், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வேண்டா இலையைப் பார்த்தாள். கையைக் கூப்பினாள். எல்லாரையும் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பி வருகிற ரயிலில் அப்பாசாமி, சிங்கப்பெருமாள்கோயில் தாண்டினதும், "நீயும் நல்லாத்தான் பண்ணே" என்றான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ம் என்றாள்.

நாலாவது சனிக்கிழமை காலை, எதிர்வீட்டில் புகை கிளம்பியது. போய்ப் பார்த்தேன். வாயில் துணி கட்டிக்கொண்டு வேண்டா சமைத்துக்கொண்டிருந்தாள். தளிகையெல்லாம் இல்லை. ஒரு வெண்பொங்கல், கொஞ்சம் சுண்டல். அப்பாசாமி சவுக்கு ஏற்றப் போயிருந்தான். அவர்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூட ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தார்கள். கோவிந்தா சொல்லக்கூட ஆள் இல்லையேடி என்றேன். "நீ வாயேன்" என்று துணிக்குள்ளிருந்தே சொன்னாள்.

நான் குளித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் இலை போட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள். முன்னறையில், சாத்தின கதவுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாருலதா இறங்கினாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

அவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள். பரவாயில்லை சொல்லு என்று வேண்டா கண்ணைக் காட்டினாள்.

"அக்கா, அது நான் வச்சதுக்கா" என்றாள் சாருலதா. நின்றபடியேதான் சொன்னாள். "எல்லாரும் ஆசையா நின்னுட்டு இருந்தாங்க. எனக்கும் வரணும்னு இருந்தது. குழந்தை வேற… வந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். என்ன செய்யறேன்னே தெரியாம வச்சுட்டேன். காசியம்மாள் அண்ணி என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்களேக்கா, அந்த விரலையே ஒத்திக்கிட்டாங்க. அன்னிலேர்ந்து சோறு இறங்கல."

வேண்டா சாருலதாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். தளிகை உங்ககிட்டயே இருக்கட்டும்."

"வேணாம். காசியம்மாளுக்கு இப்பதான் மனசு கொஞ்சம் ஆறிக்கீது. ஒடைக்காத."

"அப்ப அடுத்த வருஷம் நான் என்ன செய்வேன்? என்னால மறுபடியும் வைக்க முடியாதுக்கா. இலையில ஒண்ணும் இருக்காது. உங்களைச் சொன்ன மாதிரி என்னைச் சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கதான்" என்றாள் வேண்டா. "நான் பக்கத்துல நின்னுக்கறேன்."

சாருலதா அவள் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். சத்தம் இல்லாமல், ரொம்ப நேரம். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். போகத் தோன்றவில்லை. அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தேன். வேண்டா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அதற்கு முன்பும் அப்படிப் பார்த்ததில்லை, அப்புறமும் அப்படிப் பார்த்ததாக நினைவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற முகம் இல்லை அது. வீட்டில் ஆள் இருக்கும்போது இருக்குமே, ஒரு நிதானம், அந்த மாதிரி. யாரும் கோவிந்தா சொல்லவில்லை. கதவிடுக்கு வழியாக நெய்விளக்கு வாசனை வந்துகொண்டிருந்தது.

அழுது ஓய்ந்த சாருலதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்லக் கேட்டாள். "சாப்ட்டாரான்னு எப்படிக்கா உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாது."

"அப்ப எப்ப தொறப்பீங்க?"

வேண்டா அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"உனக்கு இன்னா அவசரம்? மெதுவா சாப்டட்டும்."